அறையின்ரை சத்தம்

குருமன்காட்டில் ரயர்க்கடைக்கு மேலே ஒரு அறை.
சுவர் முழுக்க முட்டைத் தட்டு,
தட்டுக்கு மேலே மெத்தைப் பஞ்சு,
பஞ்சுக்கு மேலே யாரோ கலியாணத்துக்கு வாங்கி
மிஞ்சிய நாவல்நிறத் துணி.

"அண்ணை, நீங்கள்தான் யானை" என்றாள் மிதுர்ஷா.
முல்லைத்தீவு பஸ்ஸில் மூன்று மாதம்
பின்சீற்றில் இருந்து என் தொண்டையை அளந்தாளாம்.
ஒட்டுசுட்டான் நெடுங்கேணி புளியங்குளம் என்று
ஒரே மூச்சில் நான் கூவுவதைப்
போனில் பிடித்தும் வைத்திருக்கிறாள்.
பத்தொன்பது வருசம் கூவிய தொண்டை,
மிச்சக்காசுக்குச் சண்டை பிடித்த தொண்டை.
அதற்கு ஒரு யானை கிடைத்ததில்
எனக்குப் பெருமைதான்.

திரையில் யானைக்கு இன்னும் நிறம் இல்லை.
பென்சில் கோடு.
வயிற்றுக்குள்ளால்
பின்னால் நிற்கும் பாலைமரம் தெரிகிறது.
வாயை மட்டும் முடித்திருந்தார்கள்.

பெரிய வசனம் ஒன்றுதான்:
"நான் வழி தவறேல்லை பிள்ளை.
வழிதான் எனக்குக் குறுக்காலை வந்தது."

சொன்னேன்.
கண்ணாடிக்கு அங்காலை றெஜினோல்ட்
காதில் இருந்ததைக் கழற்றி எறிந்தான்.
ஊசி சிவப்பில் போய் முட்டியதாம்.
"பஸ்ஸுக்கு இல்லை அண்ணை,
ஒரு பிள்ளைக்குச் சொல்லுங்கோ.
உங்கடை தோளிலை இருக்கிற பிள்ளைக்கு."

ஒரு ஆளுக்கு மட்டும் கதைத்து
எனக்குப் பழக்கமில்லை.
மனுசியிடம்கூட
பின்கதவுக்கும் கேட்கிற மாதிரித்தான் உப்புக் கேட்பேன்.

இரண்டாம் தரம் யானை இருமியது.
ஐந்தாம் தரம் வழி, வளி ஆனது.
"காத்தோ அண்ணை குறுக்காலை வந்தது?"
மிதுர்ஷா சிரித்து முடிய ஆறாவது.
ஒன்பதில் கொழும்பு ரயில் போனது.
பதினொன்றில் எல்லாம் சரி,
ஆனால் யானை வாயை மூடிவிட்டது.
'வந்தது' மட்டும் உள்ளே ஏற இடமில்லாமல்
மிதிபலகையில் தொங்கியது.

பதினாறில் சேட்டு முழுக்க நனைந்துவிட்டது.
மின்விசிறி போடக் கூடாது.
அதுவும் கதைக்குமாம்.

"சரி அண்ணை, விடுங்கோ.
ஒரு நிமிசம் சும்மா நில்லுங்கோ.
ஒண்டும் சொல்லாதேங்கோ.
அறையின்ரை சத்தம் எடுக்கவேணும்,
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலை ஒட்ட."

நின்றேன்.
காதுக்குள் முதலில் என் வயிறு,
காலைச் சம்பலை அரைத்துக்கொண்டிருந்தது.
பிறகு மூச்சு. ஒரு பக்க மூக்கால்தான் வருகிறது,
இத்தனை நாள் தெரியாது.
பிறகு, நான் அசையாமலே, சட்டைப்பையில் சில்லறை.
பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லைக்குள்
நெடுங்கேணி தாண்டி, ஒரு மம்மல் பொழுது,
செபமாலை அண்ணை லைற்றை நூத்துவிட்டார்.
றோட்டு நடுவில் அது நின்றது.
குட்டி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.
ஐம்பத்தாறு சனமும் மூச்சுக் காட்டவில்லை.
என் வாய்க்குள் விசில்.
தற்செயலாய் ஊதிவிடாமல்
நாக்கால் அதன் துளையை அடைத்துக்கொண்டு நின்றேன்.
எவ்வளவு நேரமோ.
எங்களை அது ஒருக்காலும் திரும்பிப் பார்க்கவில்லை.

"முடிஞ்சுது அண்ணை."

யாரும் கைகாட்டவில்லை, நானாகத்தான் சொன்னேன்:
நான் வழி தவறேல்லை பிள்ளை.
வழிதான் எனக்குக் குறுக்காலை வந்தது.

பென்சில் வாய் எப்போது திறந்தது,
எப்போது மூடியது, நான் பார்க்கவில்லை.
மிதுர்ஷா எழுதிக்கொண்டிருந்த பேனையை மேசையில் வைத்தாள்.
றெஜினோல்ட் கதவைத் திறந்து
ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து நீட்டினான்.
பதிஞ்சதோ என்று கேட்டேன்.
தலையைச் சொறிந்தான்.
"அதுக்கு முதலே நிப்பாட்டிப்போட்டன் அண்ணை."

மூன்று மணி பஸ்ஸுக்கு
இன்னும் இருபது நிமிசம் இருந்தது.
மிதுர்ஷா தாளில் பதினேழு என்று எழுதினாள்.
நான் பிளேன்ரீயைக் கீழே வைத்துவிட்டு
சட்டைப்பைச் சில்லறையை எல்லாம் அள்ளி
றெஜினோல்டின் கையில் கொடுத்தேன்.